சாகும் செல்லின் இரு நுண்பைகள்

சுருங்கிச் சாகும் செல் ஒன்று. வெடித்துச் சாகும் செல் மற்றொன்று. முன்னதன் சாவை அப்போப்டோசிஸ் என்கிறோம். பின்னதில் பல வகைகள் இருந்தாலும் இங்கே நெக்ரோப்டோசிஸை அதன் தலைமாதிரியாக எடுத்துக்கொள்வோம். இரண்டு செல்களும் சாகும் தறுவாயில் தம் சவ்விலிருந்து நுண்பைகளைக் கிள்ளி வெளியே விடுகின்றன. முதல் செல்லின் பை அழற்சியைத் தணிக்கும், இரண்டாம் செல்லிலிருந்து வருவது எதுவாயினும் அழற்சியை மூட்டும் என்பது நெடுநாளாக நிலைபெற்ற பகுப்பு. அந்தப் பகுப்பில் உண்மை உண்டு. ஆயினும் இரு பைகளையும் அருகருகே வைத்து, எப்படிப் பிறக்கின்றன, எதைச் சுமக்கின்றன, யாரிடம் போய்ச் சேர்கின்றன என்று கேட்டுக்கொண்டே போனால், தணிப்பதும் மூட்டுவதும் சாவின் வகையோடு ஒட்டிப் பிறந்த குணங்கள் அல்ல என்பது தெரியவரும். சவ்வு எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்ற இரண்டுமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

பிறப்பிலிருந்து தொடங்குவோம். அப்போப்டோசிஸின் பைகளை ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கரி ஆகிய மூவரும் 1972இல் வெளியிட்ட கட்டுரையிலேயே காணலாம். செல் சுருங்கி, மொட்டுவிட்டு, சவ்வு மூடிய துண்டுகளாகப் பிரிவதையும், அண்டையிலுள்ள செல்கள் அத்துண்டுகளை விழுங்குவதையும் அவர்கள் விவரித்திருந்தார்கள். நெக்ரோப்டோசிஸின் பைகளோ 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஓராண்டில் இஸ்ரேலின் டெல் அவிவிலும் ரெஹோவோத்திலும் அமெரிக்காவின் மெம்ஃபிஸிலும் இயங்கிய குழுக்கள், வெடிக்கப்போகும் செல்லும் பை விடுகிறது என்று தனித்தனியே காட்டின. இடைவெளி 45 ஆண்டுகள். வெடிக்கும் செல்லில் எல்லோருடைய கண்ணும் வெடிப்பின் மீதே இருந்தது. வெடிப்பதற்கு முன் அது செய்துகொண்டிருந்த வேலை கவனத்துக்கு வரவில்லை.

முதல் செல்லில் பை உண்டாவது கலைப்பு வேலையின் ஒரு கட்டம். காஸ்பேஸ்-3 என்னும் நொதி ராக்-1 என்ற மற்றொரு நொதியை வெட்டுகிறது. வெட்டுண்ட ராக்-1 ஓயாமல் இயங்கி, சவ்வுக்கு அடியில் உள்ள ஆக்டின் வலையை இறுக்குகிறது. இறுக்கம் தாளாமல் சவ்வு குமிழ்விடுகிறது. சில செல்களில் இது இன்னும் வியப்பான வடிவம் கொள்கிறது. மெல்போர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகக் குழு 2015இல் காட்டியபடி, சாகும் மோனோசைட் நீண்ட இழைகளை நீட்டுகிறது. அந்த இழை மணி கோத்ததுபோல் ஆங்காங்கே உப்பி, பிறகு மணிமணியாக அறுகிறது. இப்படி வருபவை 1 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ளவை. இந்த வரிசையில் எந்த இடத்திலும் தற்செயல் இல்லை.

இரண்டாம் செல்லில் பை உண்டாவது தற்காப்பு. எம்எல்கேஎல் என்னும் புரதம் பாஸ்பேட் ஏற்றப்பட்டுச் சவ்வில் வந்து கூடுகிறது. சவ்வு கசியத் தொடங்குகிறது. கசிவு வழியே கால்சியம் உள்ளே பாய்கிறது. எஸ்கார்ட் எனப்படும் புரதக் கூட்டம் அந்த இடத்துக்கு விரைந்து, பழுதான சவ்வுத் துண்டைச் சூழ்ந்து, அதன் கழுத்தை இறுக்கி வெளியே தள்ளுகிறது. பையோடு சேர்ந்து எம்எல்கேஎல்லும் வெளியேறுகிறது. இந்தப் பைகள் முன்னவற்றைக் காட்டிலும் சிறியவை. முதல் செல், வீட்டைக் காலிசெய்பவர் பொருள்களை மூட்டை மூட்டையாகக் கட்டித் தெருவில் வைப்பதைப் போன்றது. இரண்டாவது, தீப்பிடித்த திரைச்சீலையைக் கிழித்துச் சன்னல் வழியே எறிபவரைப் போன்றது. முன்னவர் போக முடிவு செய்துவிட்டார். பின்னவர் இன்னும் வீட்டைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

இந்த இரண்டாம் உத்தி மிகப் பழையது என்பதையும் சொல்ல வேண்டும். இரத்தத்தில் உள்ள கம்ப்ளிமென்ட் புரதங்கள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் சவ்வில் துளையிடும்போது, அந்தச் செல் துளைபட்ட பகுதியைப் பையாகக் கழற்றி எறிந்து பிழைத்துக்கொள்வதை 1980களிலேயே கண்டிருந்தார்கள். நெக்ரோப்டோசிஸில் தெரிவது அதே கைவினை. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே துளையிட்டது வெளியார், இங்கே செல்லின் சொந்தப் புரதம்.

நோக்கத்தில் இவ்வளவு விலகி நிற்கும் இரண்டு பைகளும் முகத்தில் ஒன்றுபோல் இருக்கின்றன என்பதுதான் முதல் வியப்பு. உயிருள்ள செல் தன் சவ்வின் உட்புற அடுக்கில் ஒளித்து வைத்திருக்கும் பாஸ்ஃபடைடில்செரின் என்ற கொழுப்பு, இரு பைகளிலும் வெளிப்புறம் திரும்பி நிற்கிறது. விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜ் இதைக் கண்டு சாகும் செல்லை அடையாளம் கொள்கிறது என்று 1992இல் வாலரி ஃபடோக்கும் உடனுழைத்தோரும் காட்டியதிலிருந்து, இந்தக் கொழுப்பின் வெளிப்பாடு அப்போப்டோசிஸின் முத்திரையாகவே கருதப்பட்டது. அப்போப்டோசிஸில் அது எப்படிப் புரள்கிறது என்பதையும் ஷிகெகாஸு நாகாதாவின் கியோத்தோ ஆய்வகம் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டியது. கொழுப்பை உள்ளே திருப்பி வைக்கும் ஏடிபி11சி என்ற புரதத்தைக் காஸ்பேஸ் வெட்டி முடக்குகிறது. இரு அடுக்குகளையும் கலக்கிவிடும் எக்ஸ்கேஆர்8 என்ற புரதத்தைக் காஸ்பேஸ் வெட்டி முடுக்குகிறது. ஒரே கத்தி ஒன்றை அணைத்து மற்றொன்றை ஏற்றுகிறது.

நெக்ரோப்டோசிஸில் காஸ்பேஸுக்கு வேலையே இல்லை. அது அடக்கப்பட்டிருப்பதுதான் நெக்ரோப்டோசிஸ் நடப்பதற்கான நிபந்தனை. அப்படியிருந்தும் எம்எல்கேஎல் சவ்வுக்கு வந்த சிறிது நேரத்தில், செல் இன்னும் உடையாத நிலையிலேயே, அதே கொழுப்பு வெளியே புரள்கிறது. கருவி வேறு, காட்சி ஒன்று. இதனால் சோதனைச்சாலைகளுக்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் எழுந்தது. பாஸ்ஃபடைடில்செரினோடு ஒட்டும் அனெக்சின்-ஏ5 சாயம் அப்போப்டோசிஸைக் காட்டும் அன்றாடச் சோதனையாக 1990களிலிருந்து நிலைத்துவிட்டது. சாயம் ஒட்டிய பை எந்தச் சாவிலிருந்து வந்தது என்பதை அந்தச் சாயம் மட்டும் சொல்லாது. உள்ளே வெட்டுண்ட காஸ்பேஸ்-3 இருக்கிறதா, பாஸ்பேட் ஏறிய எம்எல்கேஎல் இருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

இரண்டாம் ஒற்றுமை அதைவிட ஆழமானது. இரு சாவுகளும் கொஞ்ச தூரம் வந்தபின் திரும்பிப் போகக்கூடியவை. பாஸ்ஃபடைடில்செரின் வெளிப்பட்ட பிறகும் எம்எல்கேஎல்லை மருந்தால் நிறுத்தினால் செல் மீள்கிறது என்று டெல் அவிவ் குழு காட்டியது. எஸ்கார்ட் பழுதுபார்க்கும் வரை செல்லுக்கு அவகாசம் இருக்கிறது என்று மெம்ஃபிஸில் டக்ளஸ் கிரீனின் குழு காட்டியது. அப்போப்டோசிஸை ஒருவழிப்பாதை என்றே எண்ணியிருந்தோம். 2012இல் டெனிஸ் மான்டெலின் ஆய்வகம், காஸ்பேஸ் முடுக்கப்பட்டுச் சுருங்கிய செல்களும் நச்சுப்பொருளைக் கழுவி நீக்கியதும் உயிர்த்தெழுவதைப் பதிவு செய்தது. ஆகவே, பை வெளியே வந்துவிட்டது என்பதால் செல் செத்துவிட்டது என்று கொள்ள முடியாது. இரு பக்கத்திலும் பை சாவுச் சான்றிதழாகாது.

இனி எடுத்துக்கொள்பவரைப் பார்ப்போம். மனித உடலில் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 33,000 கோடி செல்கள் மாறிப் புதுப்பிக்கப்படுகின்றன. இருந்தும் ஆரோக்கியமான திசுவில் செத்த செல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. விழுங்கும் செல்கள் அவ்வளவு விரைவாக வேலை செய்கின்றன. அதோடு, விழுங்கியவற்றின் நடத்தையும் மாறுகிறது. 1997இல் ஜெர்மனியின் எர்லாங்கன் குழு, அப்போப்டோசிஸில் செத்த செல்களோடு சேர்த்து வைத்த மோனோசைட்டுகளை நுண்ணுயிர்ப் பொருளால் தூண்டினாலும் அழற்சியை மூட்டும் டிஎன்எஃப் குறைவாகவும் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 மிகுதியாகவும் சுரக்கின்றன என்று கண்டது. அடுத்த ஆண்டே டென்வரில் ஃபடோக்கின் குழு, விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரந்து அழற்சியை அடக்குவதைக் காட்டியது. செத்தவற்றை அகற்றுவது மட்டுமல்லாமல், அகற்றுபவரையும் சாந்தப்படுத்துகிறது இந்தப் பை.

இரண்டாம் பைக்கும் இதே வாயில் திறக்கிறது. அதே கொழுப்பு வெளியே நிற்பதால் மேக்ரோஃபேஜ் நெக்ரோப்டோசிஸ் செல்லையும் கண்டுகொண்டு விழுங்குகிறது. வெடிப்பதற்கு முன் விழுங்கப்பட்டுவிட்டால் வெடிப்பின் விளைவு குறையலாம் என்பதே டெல் அவிவ் குழு எடுத்துக்கூறிய கருத்து. மிகைப்படுத்தாமல் சொல்வதானால், முதல் பையின் தணிக்கும் ஆற்றலுக்கு உள்ள அளவு சான்று இரண்டாவதற்கு இல்லை. நெக்ரோப்டோசிஸ் செல் தன் அவகாசத்தில் எச்சரிக்கைச் செய்திகளையும் அனுப்புகிறது. எஸ்கார்ட் கொடுத்த கூடுதல் நேரத்தைப் பயன்படுத்திச் சைட்டோகைன்களைச் சுரந்து டி செல்களைத் தயார்ப்படுத்த அது உதவுகிறது என்பது மெம்ஃபிஸ் குழுவின் முடிவு. பை வீச்சினால் கிடைத்த நேரம் தணிப்புக்கும் உதவலாம், அறிவிப்புக்கும் உதவலாம்.

இந்த இடத்தில் மூன்றாவது சாட்சி ஒன்றை அழைப்பது நல்லது: சாகாமலே பை விடும் நியூட்ரோஃபில். பாசெல் நகரில் ஒலிவியே காசரும் யூர்க் ஷிஃபர்லியும் 2004இல், தூண்டப்பட்ட நியூட்ரோஃபில்களின் பைகள் மேக்ரோஃபேஜின் அழற்சிச் சுரப்பைக் குறைத்து டிஜிஎஃப்-பீட்டாவை வெளிவிடச் செய்வதைக் கண்டார்கள். லண்டனில் மௌரோ பெரெட்டியின் குழு 2008இல் அந்தப் பைகளில் உள்ள அனெக்சின்-ஏ1 என்ற புரதத்தின் பங்கைப் பிரித்துக் காட்டியது; 2015இல் அதே குழு, இவை மூட்டுக் குருத்தெலும்புக்குள்ளேயே நுழைந்து, அழற்சி மூட்டுவாதத்தில் அதைக் காப்பதை எலிகளில் நிறுவியது. குருத்தெலும்பின் அடர்ந்த வலைக்குள் செல்கள் புக முடிவதில்லை, பை புகுந்துவிடுகிறது. அப்படியானால் தணிக்கும் பையை ஆக்கச் சாவுகூடத் தேவையில்லை. சாவின் வகையை வைத்துப் பைகளைத் தரம் பிரிக்கும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

முதல் பையின் நற்பெயரையும் அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். இரத்தக்குழாயின் உட்சுவரான எண்டோதீலிய செல்லை எடுத்துக்கொள்வோம். அது அப்போப்டோசிஸில் சாகும்போது விடும் பைகளில் மைக்ரோஆர்என்ஏ-126 இருக்கிறது. அது அண்டைச் செல்களில் சிஎக்ஸ்சிஎல்12 என்ற பழுதுநீக்கும் சைகையைத் தூண்டுகிறது. தமனித் தடிப்புள்ள எலிகளுக்கு இந்தப் பைகளைச் செலுத்தினால் தடிப்பு மட்டுப்படுகிறது. ஜெர்மனியின் ஆகன் நகரக் குழு 2009இல் வெளியிட்ட முடிவு இது. இரண்டே ஆண்டுகள் கழித்து மார்செய் நகரக் குழு, அதே எண்டோதீலிய செல் அதே அப்போப்டோசிஸில் விட்ட பைகளில் இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபா இருப்பதையும், அவற்றை எலிகளுக்குச் செலுத்தினால் நியூட்ரோஃபில்கள் திரள்வதையும் காட்டியது. ஒரே செல், ஒரே சாவு, ஒரே வடிவம்; ஒரு பை தணிக்கிறது, இன்னொன்று மூட்டுகிறது. இங்கே வேறுபாடு முழுவதும் சரக்கில் இருக்கிறது.

சரக்கு மட்டுமல்ல, சரக்கை யார் பதப்படுத்துகிறார்கள் என்பதும் முக்கியம். அப்போப்டோசிஸின் சிறு துகள்களின் மேற்பரப்பில் குரோமாட்டின், அதாவது டிஎன்ஏயும் புரதமும் பின்னிய பொருள், ஒட்டிக்கொண்டிருக்கும். இரத்தத்தில் சுற்றும் டிஎன்ஏஸ்-1எல்3 என்ற நொதி இதைச் செரித்துவிடுகிறது. 2011இல் சவூதி அரேபியக் குடும்பங்களில், இந்த நொதியின் மரபணு பழுதுபட்ட குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே லூப்பஸ் வருவது கண்டறியப்பட்டது. 2016இல் போரிஸ் ரெய்சிஸின் குழு எலிகளில் காரணத்தைக் கண்டது: நொதி இல்லாவிட்டால் துகளின் மீதுள்ள குரோமாட்டின் அப்படியே தங்கி, நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்த டிஎன்ஏவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்யத் தொடங்குகிறது. பாஸ்ஃபடைடில்செரினுக்கும் மேக்ரோஃபேஜுக்கும் பாலமாகும் எம்எஃப்ஜி-இ8 இல்லாத எலிகளும் வயதாகும்போது இதே பக்கம் சாய்கின்றன. தணிக்கும் பை என்று நாம் அழைப்பது, உடல் ஓயாமல் துப்புரவு செய்து வரும் வரை தணிக்கும் பை.

செல்லுக்குள்ளேயும் இந்த அமைதி உழைத்துப் பெறப்படுவது. அப்போப்டோசிஸில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து டிஎன்ஏ கசிகிறது. காஸ்பேஸ்கள் இயங்காத செல்லில் இந்தக் கசிவு இன்டர்ஃபெரான் சுரப்பைத் தூண்டிவிடுவதை 2014இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டின. காஸ்பேஸ் இயங்கும்போது செல் சாகிறது, எச்சரிக்கை மணியும் அடங்குகிறது. நெக்ரோப்டோசிஸுக்கு இந்த அடக்கும் கை இல்லை. இரு பைகளின் சரக்கில் உள்ள உண்மையான வேறுபாட்டை இங்கேதான் தேட வேண்டும் என்று கருதுகிறேன்.

இவ்விரு சாவுகளும் ஒரே கவட்டில் பிரியும் கிளைகள் என்பதும் நினைவில் நிற்க வேண்டும். காஸ்பேஸ்-8 இயங்கினால் செல் அப்போப்டோசிஸின் பக்கம் போகிறது. அது அடக்கப்பட்டால் ரிப்-கே3 என்ற நொதியின் வழியே நெக்ரோப்டோசிஸின் பக்கம் போகிறது. காஸ்பேஸ்-8 இல்லாத எலிக்கரு பிறக்காமலே மடிகிறது. கூடவே ரிப்-கே3யையும் நீக்கிவிட்டால் எலி பிறந்து வளர்கிறது என்று 2011இல் வந்த ஆய்வுகள் காட்டின.

இந்தக் கவட்டுக்குப் பின் வரும் உடைப்பில்தான் மிகப் பெரிய எதிர்பாராமை இருக்கிறது. செத்த செல்லின் சவ்வு தானாகவே, ஊதிப்போய், உடைகிறது என்றுதான் எண்ணியிருந்தோம். 2021இல் நோபுஹிகோ காயகாகியும் விஷ்வா தீட்சித்தும் நின்ஜ்-1 என்ற சிறு புரதம் சவ்வை முனைந்து உடைக்கிறது என்று கண்டார்கள். நுண்ணுயிர்த் தொற்றில் வெடிக்கும் பைரோப்டோசிஸ் செல்லுக்கு அது தேவை. விழுங்குபவர் வராமல் போன அப்போப்டோசிஸ் செல் காலம் கடந்து உடைவதற்கும் அதுவே தேவை. நெக்ரோப்டோசிஸ் மட்டும் பெரும்பாலும் அதன் உதவியின்றியே உடைகிறது. உடைபடும் முறையை வைத்துக் குடும்பம் பிரித்தால், சாந்தமான அப்போப்டோசிஸ் அழற்சி மிக்க பைரோப்டோசிஸோடு போய்ச் சேர்கிறது. நெக்ரோப்டோசிஸ் தனித்து நிற்கிறது. உடைந்தபின் வெளிவரும் பொருள்களில் எச்எம்ஜிபி1 என்ற கருப் புரதமும் ஒன்று. இந்தப் புரதத்தின் கதையும் பொருத்தமானது: உடைந்து சாகும் செல் அதைக் கொட்டி அழற்சியைத் தூண்டுகிறது, அப்போப்டோசிஸ் செல் அதைக் குரோமாட்டினோடு இறுகப் பிணைத்து வைத்துக்கொள்கிறது என்று 2002இல் காட்டப்பட்டது.

பைரோப்டோசிஸ் இரண்டாம் பைக்கு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறது. அங்கே துளையிடுவது கேஸ்டெர்மின்-டி. அந்தத் துளைகளையும் எஸ்கார்ட் கூட்டம் பையாக்கிக் கழற்றுகிறது என்று 2018இல் லொசான் குழு காட்டியது. கழற்றிய செல்லுக்கு நன்மை. ஆனால் அந்தத் துளை சுமந்த பை அண்டைச் செல்லோடு ஒட்டினால், துளை அங்கே குடியேறி அதையும் சாகடிக்கிறது என்று அண்மை ஆய்வுகள் சொல்கின்றன. தன்னைக் காக்க எறிந்தது பக்கத்து வீட்டைப் பற்றுகிறது. முதல் பையின் முகத்தையும் பிறர் களவாடுகிறார்கள்: வாக்சினியா வைரஸ் தன் உறையில் பாஸ்ஃபடைடில்செரினைப் பூசிக்கொண்டு, சாகும் செல்லின் துண்டு போல நடித்துச் செல்லுக்குள் நுழைகிறது என்று 2008இல் சூரிச்சில் கண்டார்கள். ஒரு பை சாவைப் பரப்பும் வாகனமாகிறது. மற்றதன் தோற்றம் நோய்க்கு வேடமாகிறது.

மருத்துவம் இரு பக்கத்தையும் தொட்டிருக்கிறது, ஒரு பக்கத்தைத் தெரியாமலே. நோயாளியின் வெள்ளணுக்களை வெளியே எடுத்து, சோரலன் மருந்தும் புற ஊதாக் கதிரும் கொடுத்து, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் ஒளிச்சிகிச்சையை ரிச்சர்ட் எடல்சன் 1987இல் தோலின் டி செல் புற்றுக்காக அறிமுகப்படுத்தினார். இன்று அது ஒட்டு உறுப்பு விருந்தோம்பியைத் தாக்கும் நோயிலும் பயன்படுகிறது. திரும்பச் செலுத்தப்படும் செல்களில் பெரும்பகுதி அப்போப்டோசிஸில் சாகத் தொடங்கியவை. எதிர்ப்பக்கத்தில், நெக்ரோப்டோசிஸில் கொல்லப்பட்ட புற்றுச் செல்களைத் தடுப்பூசியாக எலிகளுக்குக் கொடுத்து, புற்றுக்கு எதிரான பாதுகாப்பை 2016இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகக் குழு பெற்றது. இந்தச் சமச்சீர் அழகானதுதான், ஆனால் முழுமையானதல்ல: ஆந்த்ராசைக்ளின் மருந்தால் அப்போப்டோசிஸில் செத்த புற்றுச் செல்களும் அதே பாதுகாப்பைத் தருகின்றன என்று பாரிஸை அடுத்த வில்ஜுயிஃபில் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டியாகிவிட்டது.

இவற்றில் மிகக் கூர்மையான சான்று லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து 2017இல் வந்தது. ஒட்டு உறுப்பு விருந்தோம்பியைத் தாக்கும் நோய்க்கு மெசென்கைமல் ஸ்டெம் செல்களைச் செலுத்தினால் சிலருக்கு நோய் தணிகிறது, சிலருக்கு இல்லை. செலுத்திய செல்கள் உடலில் நெடுநாள் தங்குவதுமில்லை. அப்படியிருக்க எப்படிப் பயன் தருகின்றன என்று பிரான்செஸ்கோ டாசியின் குழு தேடியது. நோயாளியின் சொந்தச் சைட்டோடாக்சிக் செல்கள் அவற்றைக் கொன்று அப்போப்டோசிஸுக்கு உள்ளாக்குகின்றன. அந்தச் செத்த செல்களை விழுங்கும் செல்கள்தான் நோயைத் தணிக்கின்றன. நோயாளியின் இரத்தச் செல்கள் இந்த ஸ்டெம் செல்களைக் கொல்ல வல்லவையா என்று சோதித்தால், யாருக்குச் சிகிச்சை பலிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தது. கொல்ல முடியாத நோயாளிக்கு, முன்பே சாகடித்த செல்களைச் செலுத்தினால் என்ன என்ற எண்ணம் அதிலிருந்தே பிறந்தது; எலிகளில் அதுவும் பலித்தது.

நெக்ரோப்டோசிஸ் பக்கத்தில் வேலை நேர்மாறாக நடக்கிறது: செல்லைச் சாகவிடாமல் தடுக்கும் மருந்துகள், முக்கியமாக ரிப்-கே1 என்ற நொதியின் தடுப்பான்கள், அழற்சி நோய்களில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. அவை பாதையின் தொடக்கத்திலேயே கை வைக்கின்றன. அங்கே நிறுத்தினால் வெடிப்பும் இல்லை, பையும் இல்லை. எம்எல்கேஎல் சவ்வுக்கு வந்து, பை வீசப்பட்ட பிறகு நிறுத்தினால், உயிர் மீண்ட செல்லும் அது வீசிய பைகளும் திசுவில் ஒருசேர இருக்கும். இந்த இரு நிறுத்தங்களும் அழற்சியின் மீது ஒரே விளைவைத் தரும் என்று எண்ண எனக்குக் காரணம் தெரியவில்லை. மருந்தைச் சோதிப்பவர்கள் செல் பிழைத்ததா என்பதோடு, அது எத்தனை பை விட்டது, எதைச் சுமந்து விட்டது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டியிருக்கிறது.